நோசகேலேயின் பாவாடைகள்

நோசகேலே உள்ளே வந்தால் கதவுக்கே மூச்சு முட்டும். எங்கள் எடைமேடை அவளைக் கண்டு கும்பிடு போடும் என்பேன். வயிறு குலுங்கச் சிரிப்பாள். கேப் டவுனில் நான் நர்ஸாக இருந்த கடைசி வருஷம் அது. ஓர் ஆராய்ச்சிக்காகப் பருமனான பெண்களின் வயிற்றில் ஊசி போட்டுத் துளி கொழுப்பை உறிஞ்சி எடுப்போம். மூன்று மாதம் உடற்பயிற்சி. பிறகு மறுபடி ஊசி. கொழுப்புக்குள் எந்த மரபணு விழித்துக்கொண்டது, எது தூங்கிப்போனது என்று டாக்டர் மொலாபோ பார்ப்பார்.

நோசகேலே ஊருக்கு வெளியே குகுலேத்துக் குடியிருப்பில் தெருமுனையில் எண்ணெயில் பொரித்த மாவுருண்டை விற்பவள். அவள் கவலை வேறு.

"இளைச்சா எங்க தெருவுல எய்ட்ஸுன்னுதான் பேசுவாங்க சிஸ்டர். அப்புறம் என் கையால யாரு வாங்கித் தின்பா?"

அவ்வளவெல்லாம் குறையாது என்று சமாதானம் சொன்னோம்.

கடுங்குளிர். எல்லாரையும் உடையோடுதான் எடை பார்த்தோம். மற்றவர்கள் கொஞ்சம் இளைத்தார்கள். இவள் அப்படியே இருந்தாள். உங்கள் மரபணு நகராட்சி ஆபீஸ் மாதிரி, யார் தட்டினாலும் எழுந்திருக்காது என்று கேலி செய்தேன். கன்னம் ஒட்டியிருந்ததற்குப் பல் பிடுங்கியதைக் காரணம் சொன்னாள்.

இரண்டாவது ஊசியன்று, உடை மாற்றத் திரைக்குப் பின்னால் போனவள் வெளியே வரவில்லை. எட்டிப் பார்த்தேன். தரையில் பாவாடை மலை. ஒரு ஊருக்கே உடுத்தலாம். பிள்ளையை முதுகில் கட்டிச் சுமக்கும் போர்வை, புருஷனின் ஸ்வெட்டர்கள் வேறு. கட்டில் ஓரத்தில் எலும்பும் தோலுமாக யாரோ உட்கார்ந்திருந்தாள். அவள்தான் என்று புரிய எனக்கு நேரம் பிடித்தது.

டாக்டர் வயிற்றைக் கிள்ளினார். தோல் மட்டும் வந்தது. ஊசியைக் கீழே வைத்தார்.

"பயிற்சி செஞ்சு யாரும் இப்படி இளைக்க மாட்டாங்கம்மா. எத்தனை நாளா சாப்பாடு இறங்கல?"

நோசகேலே என்னைப் பார்த்தாள். "பாவாடைய கட்டிவிடுங்க சிஸ்டர். திரும்பிப் போற வேன்ல எங்க தெருக்காரங்க இருப்பாங்க."

கணையத்தில் கட்டி. முற்றிப்போயிருந்தது. வெயில் காலம் பிறக்குமுன் போய்விட்டாள்.

தங்கையிடம் அவள் கேட்டது இதுதான்: சவப்பெட்டி அகலமாக இருக்க வேண்டும், யாருக்கும் திறந்து காட்டக் கூடாது. அப்படியே செய்தார்கள். இரண்டு மாடுகளைப் படுக்கவைக்கலாம், அத்தனை பெரிய பெட்டி. தூக்கியவர்கள் ஒரே வீச்சில் தோளில் ஏற்றிவிட்டார்கள். தெருவே பார்த்துக்கொண்டு நின்றது. முன்னால் பிடித்திருந்த அவள் புருஷன் சட்டென்று முழங்காலை மடக்கி, பாரம் தாங்காதவன்போல முனகினான்.

மற்றவர்களும் முனகத் தொடங்கினார்கள்.