விடுபட்ட இஸட்

1

இந்தக் கதை எனக்கு வானத்திலிருந்து விழவில்லை. மண்மூட்டை தூக்கி இடுப்புப் பிடித்துக்கொண்ட நாளில், படைக் கொட்டகையின் மூலையில் படுத்துக்கொண்டு ஒட்டுக்கேட்டது. நெப்ராஸ்கா மாநிலத்தில், மிசோரி ஆற்றங்கரையில் எங்கள் ஊர் வெசெலி. இருபது வருடமாகக் குடியிருக்கிறேன். தூக்கிய மூட்டை மொத்தம் மூன்று.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மாநிலத்தின் இறையாண்மைக்கும் ஒன்றியத்தின் அதிகாரத்துக்கும் இடையே நூற்றாண்டுகளாக நிகழ்ந்துவரும் மாபெரும்..." எனக்கே கொட்டாவி வந்தது. விட்டுவிட்டேன்.

அடுத்தது: "டார்லீன் ஹ்ருஸ்கா ஆணையைப் படித்தாள். மறுபடியும் படித்தாள்." இது தேவலை.

2

டார்லீனுக்கு நாற்பத்தாறு வயது. நேஷனல் கார்டு படையின் உள்ளூர்ப் பிரிவில், ராணுவப் பேச்சில் கம்பெனியில், சார்ஜண்ட். தாள்களெல்லாம் அவள் பொறுப்பு. இந்தப் படைக்குப் பெயரில்தான் தேசம். சாதாரண நாளில் மாநிலத்துக்குச் சொந்தம். வெள்ளம் வந்தால் கவர்னர்* கூப்பிடுவார். ஜனாதிபதி கூப்பிட்டாலோ, அந்த நிமிடத்திலிருந்து கவர்னர் சொல் செல்லாது. அந்த நிமிடம் எது என்பதுதான் கதை.

(* டெல்லி அனுப்பிவைக்கும் கவர்னரை நினைத்துவிடாதீர்கள். இவர் ஓட்டுக் கேட்டு, கை குலுக்கி, யார் யார் குழந்தையையோ முத்தமிட்டு வந்தவர்.)

அன்று கவர்னர் கட்டளைப்படி நூற்றிருபது பேர் கரையில் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மாலை ஐந்து மணிக்கு ஆற்று வெள்ளம் உச்சத்தைத் தொடும். கரை தாழ்ந்திருக்கும் இடத்துக்குப் பின்னால் முதியோர் இல்லம். அறுபத்திரண்டு பேர், பாதிப்பேர் எழுந்து நடக்க முடியாதவர்கள்.

காலை பதினொன்றுக்கு நாட்டின் தலைநகரிலிருந்து ஆணை வந்தது. கம்பெனி "18:00 மணி முதல்" ஜனாதிபதியின் கீழ். பஸ் ஏறிப் போய், வேறொரு மாநகரில் ஓர் அலுவலகத்தின் படிக்கட்டைக் காக்க வேண்டும். படிக்கட்டுக்கு வந்த ஆபத்து: எதிரே சிலர் கண்டன அட்டை பிடித்து நிற்கிறார்கள்.

3

ராணுவத்தில் மணிக்குப் பின்னால் இஸட் என்று ஓர் எழுத்துப் போடுவார்கள். போட்டால் அது கிரீன்விச் நேரம். எங்களுக்குப் பகல் ஒரு மணி. போடாவிட்டால் உள்ளூர் நேரம், மாலை ஆறு. ஆணையில் இஸட் இல்லை.

[டார்லீனின் மேசையில் எழுத்தை அழிக்கும் வெள்ளை மைப் புட்டி மூடாமல் — இந்த வாக்கியத்தை அடித்துவிட்டேன். விசாரணைக் குழுவில் கதை படிப்பவர்கள் இருக்கலாம்.]

"இது ஒரு மணிதான்," என்றார் கேப்டன் கூபிச்செக். மற்ற நாட்களில் அவர் இன்சூரன்ஸ் விற்பவர். வெள்ளத்துக்கு மட்டும் விற்கமாட்டார்.

"இஸட் எங்க, கேப்டன்?"

"டைப் அடிச்சவன் விட்டுட்டான். அவங்க சொல்ல வந்தது ஒரு மணின்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

"சொல்ல வந்ததுக்கு நான் பத்தொன்பது வருஷத்துல ஒருநாளும் சல்யூட் அடிச்சதில்ல. சொன்னதுக்குத்தான்."

"போன் போட்டுக் கேட்டுடலாமே?"

"கேக்காதீங்க. பதில் சொல்லித் தொலைச்சுடுவாங்க."

லாரி ஓட்டும் லானி, முட்டைக்கோசும் இறைச்சியும் அடைத்த ரன்ஸா ரொட்டியை மென்றபடி எட்டிப்பார்த்தான். "பஸ்ஸா, மூட்டையா? சீக்கிரம் சொல்லுங்க சார்ஜண்ட். தண்ணி யாரோட ஆணைக்கும் காத்துக்கிட்டு நிக்கல."

"மூட்டை," என்றாள் டார்லீன்.

கேப்டன் மறுக்கவில்லை. மறுக்காததற்குத் தன் முகமே சாட்சியாகிவிடக் கூடாதென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

4

இந்த இடத்தில் டார்லீனுக்கு ஒரு வீர உரை எழுதினேன். கொடி பறந்தது, கழுகும் பறந்தது. அவளிடமே படித்துக் காட்டினேன்.

"இத நானா பேசினேன்?"

"கதையில பேசறே."

"பேசறதுக்கு அவளுக்கு நேரம் இருக்குல்ல? அப்ப அவளையே வந்து மூட்டை தூக்கச் சொல்லு."

உரை குப்பைக்குப் போனது.

ஒன்றேகாலுக்குத் தொலைபேசி. தலைநகரத்துக் கர்னல். குரலிலேயே பதக்கங்கள் குலுங்கின.

"பஸ் கிளம்பிடுச்சா?"

"ஆணைப்படி ஆறு மணிக்குக் கிளம்பும், சார்."

"ஒரு மணிம்மா! எல்லா ஆணையிலயும் இஸட் இருக்கும்!"

"இதுல இல்லையே சார். எழுத்துக்கு எழுத்து கீழ்ப்படின்னு நீங்கதானே சொல்லித் தந்தீங்க."

"இப்ப நான் வாயால சொல்றேன், இஸட்!"

"வாயால சொன்னத ஃபைல்ல வைக்க முடியாது சார். திருத்தி, கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. வந்த நிமிஷம் கிளம்பறோம்."

ஓர் எழுத்தை விட்டுவிட ஒரே ஆள் போதும். சேர்க்க நான்கு பேர் கையெழுத்து வேண்டும். மூன்று பேர் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள்.

5

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதலாவதில், திருத்தம் நான்கரைக்கு வந்து சேர்கிறது. மூட்டையைத் தோளில் வைத்திருந்தவர்கள் அப்படியே கீழே போட்டுவிட்டு...

இரண்டாவதில், ஜனாதிபதியே டார்லீனை அழைத்துப் பாராட்டுகிறார். (என் மனைவி சிரித்துப் புரையேறிவிட்டாள்.)

மூன்றாவதில் ஆறு கரையை — எழுத மாட்டேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். இதை எழுதும் மேசை முதியோர் இல்லத்துக்கு அடுத்த தெருவில் இருக்கிறது. தாள் நனையவே இல்லை.

வியாழக்கிழமை டார்லீனை விசாரிக்கிறார்கள். அவள் சார்ஜண்ட் பட்டையைப் பறிப்பதா வேண்டாமா என்பது கேள்வி. முடிவை நான் எழுதப்போவதில்லை. ஆணையின் நகலை உங்கள் கையில் தந்துவிடுகிறேன். 18:00க்குப் பின்னால் ஓர் எழுத்துக்கு இடம் இருக்கிறது, பாருங்கள். இஸட் போட்டே தீர வேண்டும் என்று தோன்றினால் தாராளமாகப் போடுங்கள்.

ஒரே நிபந்தனை: மேசையில் உட்கார்ந்து போடக் கூடாது. கரைக்கு வந்து, தோளில் மூட்டையோடு நின்று போட வேண்டும்.