நான்கு பூட்டுகள்

சாயங்கால பஸ் வளைவில் வந்து நின்றதும் மேட்டுப் பள்ளியின் பெண் பிள்ளைகள் குதித்து இறங்கி ஓடுவார்கள். நடக்கவே மாட்டார்கள். கீழ் கோத்தகிரி சாலையில் புருஷனோடு டீக்கடை நடத்தும் வேலாமணிக்கு அது தினசரி வேடிக்கை. "ஏனம்மிணி, ஊடு எங்கயும் ஓடிப் போயிறாது, மெதுவாப் போங்க" என்று கல்லாவில் இருந்தபடியே கேலி செய்வாள். பிள்ளைகள் பதில் சொல்லக்கூட நிற்பதில்லை.

பள்ளி திறந்த முதல் வாரம் அது. அன்றைக்குப் பெரிய மழை. ஓட முடியாமல் ஒருத்தி மட்டும் கடைக்குள் ஒதுங்கினாள். எஸ்டேட் லயத்தில் இருக்கும் ஸ்டெபி, பத்தாம் வகுப்பு. ஒதுங்கியவள் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். கழுத்து வரை தண்ணீர் இருந்தது. மூடியைத் திருகி, அத்தனையையும் வாசலோரச் செடியில் கவிழ்த்தாள்.

"ஏங்கண்ணு, நல்ல தண்ணியக் கீழ ஊத்தற?"

"அப்படியே கொண்டு போனா அம்மா ஏசுவாங்கக்கா."

"ஏன், குளுருக்குத் தாகமே எடுக்கலியா?"

ஸ்டெபி உள்ளே பார்த்தாள். வேலாமணியின் புருஷன் தங்கவேலு வடைச் சட்டியோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தார். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"குடிச்சா பாத்ரூம் போகணுமே. ஸ்கூல்ல போக ஏலாதுக்கா. திறந்திருக்கிறது ஒண்ணுதான். அதுல தண்ணியும் இல்ல, தாழ்ப்பாளும் இல்ல. மத்ததெல்லாம் பூட்டு." கொஞ்சம் தயங்கினாள். "அக்கா, உங்க பாத்ரூமுக்குப் போயிட்டு வரட்டுமா? வீடு வரைக்கும் தாங்காது."

வேலாமணிக்குச் சுருக்கென்றது. இத்தனை நாள் பிள்ளைகள் எதற்காக ஓடினார்கள் என்பது இப்போதுதான் புரிந்தது. அந்த ஓட்டத்தைப் பார்த்துத்தான் அவள் கேலி பேசியிருக்கிறாள்.

திரும்பி வந்த ஸ்டெபி டீயைக் கையில் வாங்கிக்கொண்டு மீதியையும் சொன்னாள். போன வருஷம் காய்ச்சல் என்று சொல்லி அவள் லீவு போட்டது காய்ச்சலுக்கு இல்லையாம், நீர்க்கடுப்புக்காம். மாதவிடாய் நாட்களில் அவள் வகுப்பில் பாதிப் பேர் பள்ளிக்கே போவதில்லையாம்.

மலையில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. எதற்கும் குளிரைச் சொல்லிவிடலாம். பிள்ளை தண்ணீர் குடிக்கவில்லையா, குளிர். முகம் வாடிக் கிடக்கிறதா, அதுவும் குளிர். வீட்டிலும் பள்ளியிலும் எல்லோரும் அதையே சொன்னார்கள். பழியைப் பனியின் தலையில் போட்டுவிட்டால் யாரும் எழுந்துபோய் ஒரு கதவைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை அல்லவா?

வேலாமணிக்கு இதில் தூக்கம் போக இன்னொரு காரணமும் இருந்தது. அவள் மகள் வர்ஷா எட்டாவது முடித்திருந்தாள். அந்த வாரத்துக்குள் ஒன்பதாம் வகுப்பில் சேர்த்தாக வேண்டும். பக்கத்தில் இருப்பவை இரண்டும் அரசுப் பள்ளிகள். மேட்டுப் பள்ளியில் ஆய்வகம் உண்டு, நூற்றுக்கு நூறு தேர்ச்சி உண்டு. பள்ளத்துப் பள்ளிக்கு அப்படியெல்லாம் பேர் இல்லை. மேட்டுப் பள்ளிதான் என்று தங்கவேலு எப்போதோ முடிவு செய்துவிட்டார். அறிவியல் என்றால் உயிரை விடும் வர்ஷாவுக்கும் அதுதான் ஆசை.

"ரெண்டையும் ஒருக்காப் பாத்துப் போட்டுச் சேத்தலாமுங்க" என்றாள் வேலாமணி.

மறுநாள் காலை கடையைப் பூட்டிவிட்டு மூன்று பேரும் முதலில் பள்ளத்துப் பள்ளிக்குப் போனார்கள். கழிப்பறை திறந்திருந்தது. வாளியில் தண்ணீர், கதவில் தாழ்ப்பாள், ஓரத்தில் விளக்குமாறு. வேலாமணிக்கு மனசு குளிர்ந்தது. ஆனால் தலைமையாசிரியை எதையும் மறைக்கவில்லை. "சயின்ஸ் டீச்சர் மாறுதலாகிப் போயிட்டாங்க. இன்னும் ஆள் போடலைங்க. தமிழய்யாதான் புஸ்தகத்தை வாசிச்சுக் காட்டறாரு" என்றார். வர்ஷாவின் முகம் தொங்கிப் போயிற்று.

மேட்டுக்கு ஏறும் வழியில் வேலாமணிக்குப் பொறுக்கவில்லை. "இதென்ன நாயமுங்க? ஒண்ணுக்குப் போகோணும்னா படிப்பை வுடோணும். படிக்கோணும்னா ஒண்ணுக்கை அடக்கோணும். நம்ம புள்ளைக்கு ரெண்டும் கிடைக்கப்படாதுன்னு ஆரு எழுதி வெச்சது?"

"ஏம்புள்ள, நடுரோட்டுல நின்னுட்டு இதையெல்லாம் பேசிட்டு..."

"பேசறதுக்கு வெக்கப்படறீங்க. அடக்கீட்டு உக்காந்திருக்குதுகளே, அதுக்கு ஆரும் வெக்கப்படலீங்களே!"

தங்கவேலு நடையை எட்டிப் போட்டார்.

மேட்டுப் பள்ளியின் வாசலில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று யானை உயரத்துக்கு ஒரு பேனர். தலைமையாசிரியர் குமாரசாமி கோயம்புத்தூர்க்காரர், மரியாதை தெரிந்தவர். உட்கார வைத்தார், ஆய்வகத்தைக் காட்டினார், தேர்ச்சியைச் சொன்னார். வர்ஷா சோதனைக் குழாய்களை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"பொம்பளப் புள்ளைக டாய்லெட் எங்கீங்க?" என்றாள் வேலாமணி.

"அதெல்லாம் நெம்ப நல்லா இருக்குதுங்க. புதுசாவே நாலு கட்டிக் குடுத்திருக்காங்க."

"பாக்கோணுமுங்க."

அந்த ஊரில் அதுவரை யாரும் கழிப்பறையைப் பார்க்கக் கேட்டதில்லை. குமாரசாமி மேசை இழுப்பறையில் துழாவிச் சாவிக்கொத்தை எடுத்தார். நான்கு கதவு, நான்கு பூட்டு. திறந்ததும் ஓடு பளபளத்தது. குழாயில் கடைக்காரன் ஒட்டிய ஸ்டிக்கரைக்கூட யாரும் உரிக்கவில்லை. பக்கத்தில் பழைய கழிப்பறை ஒன்று, கதவு ஒரு கீலில் ஆடிக்கொண்டிருந்தது. பள்ளியின் அத்தனை பெண் பிள்ளைகளுக்கும் அது ஒன்றுதான்.

"எதுக்குங்க சார் பூட்டியிருக்குது?"

"கழுவ ஆளில்லீங்களே. திறந்து வுட்டா நாறிப் போயிரும். மேலிருந்து பாக்க வந்தாங்கன்னா என்னையத்தானே கேப்பாங்க?"

"மேலிருந்து வாறவங்க வருஷத்துக்கு ஒருக்கா வருவாங்க. புள்ளைக தெனமும் வருதுங்களே."

"இந்தக் குளுருக்கு அதுக அவ்வளவாப் போறதில்லீங்க."

அவ்வளவுதான். வேலாமணியின் குரல் உயர்ந்தது.

"குளுருங்களா? தண்ணி குடிக்காம வாயைக் கட்டீட்டு உக்காந்திருக்குதுங்க சார்! சாயங்காலம் என்ற கடை வாசல்ல பாட்டிலக் கவுத்துப் போட்டு ஓடுதுங்க. வாத்தியாருக டாய்லெட்டு திறந்துதானுங்களே இருக்குது? அதைப் பூட்டிச் சாவிய என்கிட்டக் குடுங்க. நாலு மணி வரைக்கும் நீங்க உக்காந்திருங்க பாக்கலாம்!"

ஜன்னல்களில் முகங்கள் முளைத்தன. வேலாமணி நான்கு பூட்டையும் ஒவ்வொன்றாகக் கொண்டியிலிருந்து கழற்றினாள்.

"ஏனுங்கம்மா, அது அரசாங்கச் சொத்துங்க!"

"இந்தப் புள்ளைகளும் அப்படித்தானுங்க. வேணும்னா போலீசுல சொல்லுங்க. கடை வளைவுலதான் இருக்குது."

பூட்டுகளை எங்கே வைப்பது என்று அவள் திரும்பிப் பார்த்தாள். நடுரோட்டில் பேசக் கூச்சப்பட்ட தங்கவேலு, கொண்டுவந்த மஞ்சள் பையை வாய் விரித்து அவள் முன்னால் நீட்டினார்.

அப்போது எட்டாவதோ ஒன்பதாவதோ படிக்கும் ஒரு சிறுமி வகுப்பிலிருந்து மெல்ல வெளியே வந்தாள். "சார், போலாங்களா?" என்று அந்தப் புதுக் கதவைக் காட்டினாள். குமாரசாமி அவளையே பார்த்தார். ஒரு பிள்ளை இதற்குப் போய்த் தன்னிடம் இப்படிப் பயந்து கேட்கிறதே என்று அவருக்கு என்னவோ போலாகிவிட்டது.

"போ கண்ணு. இனிக் கேக்க வேண்டாம்" என்றார். அவளுக்குப் பின்னால் ஒரு வரிசையே நின்றுவிட்டது. அவர் வேலாமணியின் பக்கம் திரும்பினார். "கழுவ ஆள் கேட்டு அலையறது தொந்தரவுன்னு வுட்டுட்டேனுங்க. பூட்டறது சுலபமா இருந்துது. தப்புத்தானுங்க."

"ஆள் கேளுங்க சார். பெத்தவங்க கூட்டத்துக்கு நாங்களும் வந்து கூடவே கேக்கறோம். என்ற புள்ளைய இங்கயேதான் சேத்தறேன், தெனமும் சேதி வந்துரும்" என்றாள் வேலாமணி.

அன்றே வர்ஷா ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தாள். கூட்டத்துக்கு லயத்திலிருந்தும் ஊரிலிருந்தும் அம்மாக்கள் திரண்டு போனார்கள். கழுவ ஆள் போட மேலிடத்தில் ஒரு மாதம் இழுத்தடித்தார்கள். அதுவரை திறந்த கதவைப் பூட்ட மட்டும் யாரும் விடவில்லை.

இப்போது சாயங்கால பஸ்ஸில் இறங்கும் பிள்ளைகள் நடந்து வருகிறார்கள். ஸ்டெபி கடைக்கு வந்து காலி பாட்டிலை நீட்டுகிறாள். "வழியிலேயே தீந்துருச்சுக்கா, கொஞ்சம் ஊத்துங்க" என்கிறாள். வேலாமணிக்கு அதைவிடப் பெரிய கும்பிடு வேண்டியதில்லை.

ஒருநாள் லோடு ஜீப் ஓட்டும் பாண்டியன் டீ குடித்துக்கொண்டே கேட்டார். "என் பொண்ணு பள்ளத்து ஸ்கூல்ல படிக்குது. அங்க இன்னும் சயின்ஸ் டீச்சர் வரல. மேட்டு ஸ்கூலுக்கே மாத்திடவாக்கா? எதுதான் நல்ல ஸ்கூலு?"

வேலாமணி பிஸ்கட் அலமாரியைத் திறந்தாள். அதன் கொண்டியில் சாவியில்லாமல் சும்மா தொங்கியது மேட்டுப் பள்ளியின் பூட்டுகளில் ஒன்று.

"பேனரைப் பாத்து முடிவு பண்ணாதீங்க தம்பி. உள்ள போயி, புள்ளைகளுக்கு என்ன இல்லைன்னு பாருங்க. இல்லைன்னா ஓடி வந்துறாதீங்க, நின்னு கேளுங்க. ஒவ்வொருத்தரா நம்ம புள்ளைய மட்டும் தூக்கீட்டு ஓடுனா, பின்னால வுட்டுட்டு வாற புள்ளைகளுக்கு ஆரு கேப்பாங்க? ரெண்டும் நம்ம ஸ்கூலுதான். டீயக் குடிச்சுப் போட்டு ஜீப்ப எடுங்க. சயின்ஸ் டீச்சர் எங்கன்னு கேக்கறதுக்கு நானும் வாறேன்."