அரைப்படி பேராலயத்துக்குப் போன நாள்

பேராலயத்துக்குள் போய்த் திருப்பண்டத்தின் முன் நின்றவர்கள் எல்லோரும் இரண்டு விரற்கடை உயரம் கூடித்தான் வெளியே வந்தார்கள். முதல் முறை போகும்போது மட்டும்தான் இது நடக்கும். மறுபடி போனால் மனநிம்மதி கிடைக்கும், உயரம் கிடைக்காது. நானூறு வருஷமாக இப்படித்தான். ஏழடிக் கல்தூணின் உச்சியில் ஒரு கண்ணாடிப் பேழை, அதற்குள் வெள்ளித் தட்டில் புனிதரின் முழங்கால் சில்லு. கொள்ளைநோய்க் காலத்தில் தரையில் கிடந்தவர்களுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு மண்டியிட்டே தேய்ந்துபோன எலும்பு அது. அண்ணாந்து பார்ப்பதால்தான் ஆள் நீள்கிறது, வேறொன்றும் இல்லை என்று ஒரு மருத்துவர் புத்தகம் எழுத ஆரம்பித்தார். நேரில் போய் நின்றுவிட்டு வந்தவர் புத்தகத்தைப் பாதியில் போட்டுவிட்டுக் கால்சட்டையைத் தையல்கடைக்குக் கொடுத்தனுப்பினார். பேராலயத் தெருவில் பதினோரு தையல்கடைகள் இருந்தன. பதினொன்றும் மடிப்பைப் பிரித்து நீளம் விடுகிற வேலையிலேயே பிழைத்தன.

அந்த நகரத்தில் பேராலயத்துக்குள் கால் வைக்காதவள் ஒருத்திதான். அரைப்படி என்றால்தான் அவளை எல்லோருக்கும் தெரியும். உயரம் நாலடி மூன்று அங்குலம், வேலை பாய்லர் சுத்தம் செய்வது. ஆஸ்பத்திரியோ, சாயப்பட்டறையோ, சோப்புத் தொழிற்சாலையோ, எங்கே பாய்லருக்குள் உப்பு படிந்தாலும் அவளுக்குத்தான் ஆள் வரும். பாய்லரின் வயிற்றில் முட்டை வடிவத்தில் ஒரு வாய் உண்டு. மற்றவர்கள் தலையை விட்டால் தோள் மாட்டிக்கொள்ளும். அவள் ஒரு கையை முன்னால் நீட்டி மீன்போல வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். சுத்தியலால் தட்டி, சத்தத்தை வைத்தே தகடு எங்கே மெலிந்திருக்கிறது என்று சொல்லுவாள். ஒருமுறை ஆஸ்பத்திரி பாய்லருக்குப் பொறியாளர் கையெழுத்துப் போட்ட பிறகும் அதைப் பற்றவைக்க விடாமல் அடுப்பு வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். தகட்டை அறுத்துப் பார்த்தபோது காகிதமாக இருந்தது. அதற்கு நேர் மேலே பிரசவ வார்டு.

பதினோரு தையல்கடைகளில் ஒன்று அவளுடைய நாத்தனாருடையது. ஊர் பூராவும் போய் வளர்ந்துவிட்டு வருகிறது, நீ ஒரு எட்டுப் போய்வந்தால் குறைந்தா போய்விடுவாய் என்று நாத்தனார் விடாமல் நச்சரித்தாள். உடம்பு பெருத்தால் பாய்லர் வாய்க்குள் நுழைய முடியாது என்று அரைப்படி சாக்குச் சொன்னாள். உண்மை வேறு. வளர ஆசைப்பட்டுப் போனாள் என்று ஒருவர் வாயிலிருந்தும் வந்துவிடக் கூடாது. இருக்கிற உடம்பு போதும் என்று நாற்பத்தாறு வயதுவரை வீறாப்பாகவே இருந்துவிட்டாள்.

அவள் மகள் பஸ் ஓட்டுகிற அப்பாவைப்போல நெடுநெடுவென்று இருந்தாள். பள்ளிக்கூடத்தோடு பேராலயத்துக்குப் போனதில் இன்னும் இரண்டு விரற்கடை. மூன்று மொழி படித்து, நூற்றிருபது பேர் எழுதிய தேர்வில் முதலாவதாக வந்து, பேராலயத்தின் வழிகாட்டியாக வேலையில் சேர்ந்தாள். சேதி தெரிந்த அன்று அரைப்படி, கேட்டவர்களுக்கும் சொன்னாள், கேட்காதவர்களுக்கும் சொன்னாள். சோப்புத் தொழிற்சாலை பாய்லருக்குள் இருந்தபடி தனக்குத்தானே ஒருமுறை சொல்லிக்கொண்டது புகைபோக்கி வழியாக ஏறி நாலு தெருவுக்குக் கேட்டது. ஆனால் மகளின் முதல் நாளுக்குத் தான் வரவில்லை என்றாள். கூட வேலை செய்கிறவர்கள் முன்னால் பெண் கூச்சப்படுவாளோ என்று உள்ளுக்குள் உறுத்தல். மகளுக்கு அது புரிந்துவிட்டது.

“நான் பேசறதைக் கேக்க வாம்மா. வேற எதுக்கும் வர வேண்டாம்,” என்றாள். “வந்தா பின்னால போய் ஒளிஞ்சுக்காத. முன்னால நில்லு.”

அரைப்படி போனாள். நாற்பது பேர் கொண்ட கூட்டத்தில் முதல் வரிசையில் நின்றாள். சுவர்களைப் பார்த்தபோது பழக்கதோஷத்தில் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாள், கெட்டியாகத்தான் கட்டியிருந்தார்கள். மகள் எந்த ஜன்னலில் எந்தக் கண்ணாடி எந்த வருஷம் பதித்தது என்று ஒரு தாளையும் பார்க்காமல் சொல்லிக்கொண்டே போனாள். தூணுக்கு முன்னால் வந்ததும் எல்லோரும் அண்ணாந்தார்கள். அரைப்படிக்கு அங்கிருந்து பேழையின் அடிப்பாகம் மட்டும்தான் தெரிந்தது. அவள் அதற்காக எக்கவில்லை. மகள் பேசுகிற வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது தூண் இறங்கியது. சத்தமில்லை, தூசியில்லை. தண்ணீர்த் தொட்டியில் மட்டம் குறைகிற மாதிரி நிதானமாகக் குறைந்து, பேழை அவள் கண்ணுக்கு நேராக வந்ததும் நின்றது.

மகள் பேச்சை நிறுத்திவிட்டாள். அரைப்படி திரும்பி அந்த எலும்பைப் பார்த்தாள். ஒரு பக்கம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. இருபத்தைந்து வருஷமாகப் பாய்லருக்குள் தவழ்ந்து காய்த்துப்போன தன் முழங்காலை அவளையறியாமல் கை தடவியது.

“உன்னையும் ரொம்பத்தான் வேலை வாங்கியிருக்காங்க,” என்றாள், பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிற குரலில்.

வெளியே வரும்போது, பேராலயத்தில் மணியடித்து வாசலைப் பார்த்துக்கொள்கிற கோயில்பிள்ளை வழக்கம்போல வாசல் சுவரில் நிறுத்தி அளந்தார். நாலடி மூன்று அங்குலம். மறுபடி அளந்தார், ஒரு நூல்கூடக் கூடவில்லை. கத்தரிக்கோலும் கையுமாக வாசலில் காத்திருந்த நாத்தனார் அன்றைக்குக் கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு, அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு வீடுவரை வந்தாள்.

ஆயர் ஒரு குழு போட்டார். தளம் விரிசல் விட்டிருக்கவில்லை. நிலவறையில் போய்ப் பார்த்தால் தூண் கீழே நீட்டிக்கொண்டிருக்கவுமில்லை. மூன்றரை அடிக் கல் இல்லை, அவ்வளவுதான். மூன்று முறை பீடம் கட்டிப் பேழையைப் பழைய உயரத்துக்கு ஏற்றினார்கள். மூன்று முறையும் பீடம் பேழையோடு தணிந்துபோயிருந்தது. நாலாவது முறைக்கு முன் ஆறடி உயரமுள்ள ஆயர் தனியாகப் போய், குனிந்து பார்த்தார், முதுகு வலித்தது. மண்டியிட்டுப் பார்த்தார், சரியாக இருந்தது. கொத்தனாரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அதன்பிறகு வந்தவர்கள் எல்லோரும் மண்டியிட்டே பார்த்தார்கள், எழுந்தபோது இரண்டு விரற்கடை கூடியிருந்தார்கள். தையல்கடைகளுக்குக் குறைவில்லை. அரைப்படி திங்கட்கிழமை சாயப்பட்டறை வேலைக்குப் போனாள்.

பேழையை ஏன் இவ்வளவு தாழ்வாக வைத்திருக்கிறீர்கள் என்று வெளியூர்க் கூட்டத்தில் யாராவது கேட்பதுண்டு. மகள் ஜன்னல்களின் வயதைச் சொல்கிற அதே குரலில் பதில் சொல்லுவாள்.

“தாழ்வு இல்லைங்க. அது எங்கம்மா உயரம். அவங்க பாய்லர் சுத்தம் பண்றவங்க.”

பிறகு மணிக்கூண்டுப் படிகளைக் காட்டி, நிலைப்படியில் தலை இடித்துக்கொள்ளாமல் ஒவ்வொருவராக வரச் சொல்லுவாள்.