காட்டுக்குள் கூப்பிட்ட பெயர்

என் நாத்தனார் பாண்டீஸ்வரிக்கும் எனக்கும் ஒத்துப்போகாது. மதினி என்றுதான் கூப்பிடுவேன். புருஷன் இறந்தபின் தம்பி வீட்டோடு வந்துவிட்டவர். பிள்ளை இல்லை. என் ஐந்து வயது மகள் அகல்யாவை இடுப்பைவிட்டு இறக்கவே மாட்டார். அதில்தான் எனக்கு வயிற்றெரிச்சல், ஒளிப்பானேன்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவர் ரவிக்குமார் எங்களை அய்யனார் கோயில்காட்டுக்குக் கூட்டிப்போனார். திருப்பத்தூருக்கு அப்பால், அவர்களுடைய குலசாமி இருக்கிற காடு. ஒரு சுள்ளிகூட ஒடிக்காமல் ஊர் காத்துவைத்ததற்கு இப்போது வனத்துறை வேலி போட்டு, உள்ளே நடைபாதை அமைத்து, வாசலில் டிக்கெட் கிழிக்கிறது. மரத்துக்கு மரம் பெயர்ப்பலகை. மனிதருக்குத்தான் உள்ளே பெயர் கிடையாது. எல்லைக்கல்லைத் தாண்டிவிட்டால் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. கூப்பிட்ட பெயரைக் காவல் முனி கேட்டுவிட்டால் அந்த ஆளைத் தன்னோடு வைத்துக்கொள்ளும் என்பது அந்த வீட்டு நம்பிக்கை. பாப்பா, தம்பி, ஏய் என்றுதான் கூப்பிட்டுக்கொள்ள வேண்டும். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, வாயை மூடிக்கொண்டு நடந்தேன்.

மண் குதிரைகளுக்கு முன்னால் சூடம் ஏற்றுவதற்காக மதினி குழந்தையின் கையை விட்டிருக்கிறார். கும்பிட்டுத் திரும்பினால் குழந்தையைக் காணோம். ரவிக்குமார் தண்ணீர் எடுக்கக் கார்வரை போயிருந்தார். நாங்கள் இரண்டு பேரும்தான்.

"பாப்பா, பாப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டே மதினி ஓட, நானும் பின்னால் ஓடினேன். லீவு நாள் கூட்டம். அன்று அந்தக் காட்டில் இருந்த பெண் குழந்தைகள் அத்தனையும் பாப்பாதான். யார் யார் வீட்டுப் பாப்பாக்களோ எங்களைத் திரும்பிப் பார்த்தன. எங்கள் பாப்பா வரவில்லை. நடைபாதை பிரிகிற இடத்தில், ஊருணிக்குப் போகும் வழி என்று அம்புக்குறியோடு ஒரு பலகை. அந்தக் குளத்தில் தண்ணீர் கிடக்கும், பிள்ளைக்கு நீச்சல் தெரியாது.

கூப்பிட வாயைத் திறந்தேன். மதினி பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினார்.

"வேணாம்த்தா. பேரச் சொல்லிராத. புள்ளைய எடுத்துக்கிரும்."

"கைய விட்டுட்டு, இப்ப என் வாயப் பொத்துறீகளே மதினி."

அவர் கையைத் தட்டிவிட்டு, தொண்டை கிழிய அகல்யா என்று கத்தினேன். இன்னொரு தரமும் கத்தினேன்.

ஊருணிப் பக்கமிருந்து "அம்மா" என்று பதில் வந்தது. ஓடிப் பார்த்தால், படித்துறையில் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறாள். அல்லிப் பூவைப் பறிக்க இறங்கியவள் என் குரலுக்குத் திரும்பியிருக்கிறாள். அவள் காலடிப் படியெல்லாம் பாசி. இழுத்து மேலே போட்டு முதுகில் ஒன்று வைத்தேன். அத்தை கூப்பிட்டது கேட்கவில்லையா என்று உலுக்கினேன். வேறு யாரோ பாப்பாவைக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தாளாம்.

அப்போது எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. தம்பி வீட்டில் உட்கார்ந்து தின்பது முதற்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுவிடுவது என்று, சொட்டச் சொட்டப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன்.

மதினி எங்களைப் பார்க்கவில்லை. மரங்களைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். இரண்டு கையையும் வாயோரம் குவித்து, நான் கத்தியதைவிடப் பலமாகத் தன் பெயரையே சொல்லிக் கத்தினார்.

"பாண்டீஸ்வரி! ஏ பாண்டீஸ்வரி!"

நடைபாதையில் போனவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவர் திரும்பத் திரும்பக் கத்தினார். குரல் கம்மியபிறகு, பக்கத்தில் நிற்கிற யாரிடமோ பேசுவதுபோலச் சொன்னார்.

"கேட்டுச்சுல்ல? அந்தச் சின்னப் பேர விட்டுரு. இத வச்சுக்க."

பிள்ளையை அவர் இடுப்பில் கொடுத்தேன்.

இந்த நம்பிக்கையெல்லாம் எனக்கு இன்றைக்கும் கிடையாது. நேற்றிலிருந்து மதினிக்குக் காய்ச்சல். மழைக்கு வருகிற சாதாரணக் காய்ச்சல்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாத்திரை கொடுத்துவிட்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். எழுந்து போகப் பயமாக இருக்கிறது.