கேமராக்காரரின் நூறு நாள்

காலை எட்டு மணிக்கு இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது. தையல்காரம்மா மெஷினின் மிதியில் காலை வைத்தபடி, ஒரு கண்ணைக் கைபேசியிலும் மறு கண்ணை வெளிக்கேட்டிலும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இன்றைக்குப் படம் வராது. எப்படி வரும்? மனுஷன் கேட்டைத் தாண்டவே இல்லை. கைபேசி 'டிங்' என்றது. வந்துவிட்டது. நாள் எண்பத்து மூன்று. கீழே ஒரு வரி வேறு: 'காத்திருத்தலின் வெண்மை.' அதற்குக் கீழே, குடியிருப்போர் சங்கச் செயலாளர், படத்தைப் பார்க்கக்கூட நேரம் எடுத்துக்கொள்ளாமல், 'அபாரம் சார்!' என்று போட்டிருந்தார்.

மூன்றாம் மாடியில் இருக்கும் இந்தக் கேமராக்காரர் பிறவிக் கலைஞர் ஒன்றும் இல்லை. நாற்பது வருஷம் எடைமேடையில் உட்கார்ந்து லாரிகளின் எடையைக் குறித்தவர்; ஓய்வு பெற்றதும் தன்னுடைய எடை கூடிவிட்டதாக நினைத்துக்கொண்டார். கழுத்தில் ஒரு பெரிய கேமராவை மாட்டிக்கொண்டு, குளிர்காலம் தொடங்கிய அன்றே கட்டடத்தின் வாட்ஸ்அப் குழுவில் சபதம் செய்தார்: நூறு நாள், நாளுக்கு ஒரு படம், அன்று காலை எடுத்ததை அன்று காலை எட்டுக்குள் போடுவது. அதற்குப் பிறகு வந்தவற்றைக் கேட்கவேண்டாம். ஒரு நாள் பனியில் கிடந்த ஒற்றைச் செருப்பு. மறுநாள் செருப்பு இல்லாத பனி. ஒரு வாரம் முழுக்கக் குப்பைத்தொட்டியின் மூடி, ஏழு கோணங்களில். எல்லாவற்றுக்கும் கைதட்டல், எல்லாவற்றுக்கும் 'அபாரம் சார்'. ஒருவரும் நின்று பார்த்ததில்லை என்பது தையல்காரம்மாவின் தீர்மானமான அபிப்பிராயம். செத்த வீட்டில் தலையைக் காட்டிவிட்டு வருவதுபோல் எல்லோரும் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போனார்கள்.

அவர் எதையாவது எடுத்துவிட்டுப் போகட்டும் என்று அவள் விட்டிருப்பாள். ஆனால் நடுவில் ஓர் அறை இருந்தது. தரைத்தளத்தில், மாடிப்படிக்கு அடியில், முன்பு சைக்கிள் நிறுத்திய அறை. வெந்நீர்க் குழாய் அதன் சுவர் வழியாகத்தான் மேலே போகிறது. உள்ளே நுழைந்தாலே கதகதவென்று இருக்கும். அதைத் தையலுக்குக் கேட்டு அவள் மனு கொடுத்து இரண்டு குளிர்காலம் ஆயிற்று. அவள் கணவன் ரொட்டி வண்டி ஓட்டுகிறவன். ஊர் விழிக்கிற நேரத்தில் வந்து படுப்பான். வீட்டில் சூடு நிற்கிற ஒரே அறையில் அவன் தூக்கம். மெஷினுக்கு மிஞ்சியது தெருவைப் பார்த்த முன்னறை ஜன்னல். அந்தக் கண்ணாடியின் இடுக்கு வழியே வருகிற குளிரில் மதியத்துக்குள் விரல் கணுக்கள் வீங்கிவிடும். ஊசியில் நூல் கோக்க மூன்று முறை எச்சில் தொடவேண்டும். இந்த நிலையில்தான் செயலாளர் அறிவித்தார்: கேமராக்காரர் ஒரு நாள்கூடத் தவறாமல் நூறை முடித்தால் அந்த அறை நிரந்தரப் படக்காட்சி அறையாகும்; ஒரு நாள் தவறினாலும் அறை தையல்காரம்மாவுக்கு. 'ரெண்டு பேருக்கும் நியாயம்' என்றார். குப்பைத்தொட்டி மூடிக்கு வெந்நீர்க் குழாய், அவளுக்கு ஜன்னல் காற்று. நல்ல நியாயம்.

ஆகவே அவள் காவல் காத்தாள். கட்டடத்துக்கு ஒரே கேட். அது அவள் ஜன்னலுக்கு நேர் எதிரே. யார் எத்தனை மணிக்குப் போகிறார்கள், எந்தக் கையில் என்ன பையோடு திரும்புகிறார்கள் என்பதெல்லாம் அவள் கேட்டுத் தெரிந்துகொள்வதில்லை. கண் முன்னால் நடப்பதைப் பார்க்காமல் இருக்க அவள் என்ன குருடா? அப்படிப் பார்த்ததில், ஒன்பது நாளாகக் கேமராக்காரர் கேட்டைத் தாண்டவில்லை. படங்கள் மட்டும் தாண்டிக்கொண்டே இருந்தன.

அன்றைய படத்தை அவள் விரலால் பெரிதாக்கினாள். பள்ளிக்கூட முனை. குழந்தைகள் சாலையைக் கடக்க வண்டிகளை நிறுத்தும் அம்மாள் கையில் 'நில்' பலகையோடு பனியில் நிற்கிறாள். சாம்பல் நிறக் கோட்டு. வலது பாக்கெட் கிழிந்து, நாய் நாக்கைத் தொங்கப் போட்டதுபோல் தொங்குகிறது.

தையல்காரம்மா மிதியிலிருந்து காலை எடுத்தாள். அந்தப் பாக்கெட்டை அவள் தைத்துக் கொடுத்துப் பதினைந்து நாள் ஆகிறது. உள்பக்கம் பட்டி வைத்து, இரட்டைத் தையல் போட்டு, கூடவே இரண்டு பொத்தானை நகர்த்தியும் கொடுத்தாள், அந்த அம்மாளுக்கு இடுப்பு கொஞ்சம் பெருத்துவிட்டது. தன் கைத்தையலை அவளால் கல்லறைக்குள்ளிருந்தும் அடையாளம் சொல்லமுடியும். அது இல்லாததையும்தான்.

மூன்று மாடியையும் ஒரே மூச்சில் ஏறினாள். கதவைத் திறந்தது கேமராக்காரரின் மனைவி.

"அக்கா, சார் இருக்காரா?"

"எங்க போயிடப்போறாரு? சோபாவுல ஒரு மலை கிடக்கும் பாரு, அதான்."

மலை கம்பளியைப் போர்த்திக்கொண்டு கிடந்தது. இடது கணுக்கால் தலையணை மேல், சுரைக்காய் பருமனுக்கு வீங்கியிருந்தது. எழுபத்து நான்கு நாள் உறைபனியில் விழாத மனிதர், வீட்டுக்குத் திரும்பி, தன் வீட்டு வாசல் மிதியடியில் வழுக்கி விழுந்திருக்கிறார். நல்ல வெயில் நாட்களில் நாலைந்தாக எடுத்துப் பதுக்கி வைத்திருந்ததை ஒன்றொன்றாக அவிழ்த்து விட்டிருக்கிறார்.

"டாக்டர்கிட்டப் போகலையா?"

"எப்படிம்மா போறது?" என்றார் அவர். "தூக்கிட்டுப் போனா கேட்டு வழியாத்தானே போகணும்."

"நான்தான் அன்னிக்கே சொன்னேனே" என்று மனைவி பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள், "எவன் கண்ணுல மண்ணைத் தூவினாலும் ஜன்னல்காரி கண்ணுல தூவ முடியாதுன்னு."

"யாரு ஜன்னல்காரி?"

பாத்திரத்துணி நின்றது. "அது... கட்டடத்துல சும்மா சொல்றதும்மா. விடு."

எத்தனை வருஷமாகச் சொல்கிறார்கள் என்று கேட்க வாய் வந்தது. பதிலுக்குக் கைபேசியை நீட்டினாள். "பாக்கெட்டைப் பாருங்க சார். நான் தச்ச பாக்கெட்டு. இப்பவே குழுவுல போடறேன்."

கேமராக்காரர் பார்த்தார். முகம் ஒரு நிமிடம் சுண்டியது. பிறகு எடைமேடைக்காலத்துத் தோரணையோடு தலையைச் சாய்த்துக்கொண்டார். "போட்டுக்கோ. கலைக்குத் தேதி கிடையாது. உனக்கு அது புரியாது."

"கலையா? செருப்பும் குப்பைத்தொட்டியும்! இதை எவ வேணா எடுப்பா. கண்ணைக் கட்டிக்கிட்டு எடுப்பா."

"நீ எடேன். மீதி பதினேழு நாள். எடுத்து எனக்கு அனுப்பு, நான் போடறேன், ஒரு ஆளாவது பாராட்டறானா பாப்போம்." சிரித்தார். "உன்னால முடியாதும்மா. அதுக்கு ஜன்னலை விட்டு எழுந்திருக்கணும்."

அவள் செய்தது முட்டாள்தனம் என்பதில் சந்தேகமில்லை. கையில் வெண்ணெய் உருண்டையாகச் சாட்சியம் இருந்தது. அதைப் பையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கினாள். 'ஜன்னல்காரி'யும் 'உன்னால முடியாது'ம் ஒரே நாளில் ஒரே வாசலில் கிடைத்தால் மனுஷிக்குப் புத்தி நேராக வேலை செய்வதில்லை. ஒரு நாள் எடுத்துக் காட்டுவோம், மூக்கை உடைப்போம், மறுநாள் நிறுத்திவிடுவோம். நிறுத்திய நாளே அறை நம் கைக்கு வரும். இதுதான் கணக்கு. உடனே வலதுகைக் கையுறையின் ஆள்காட்டி விரல் நுனியை வெட்டி, பிரியாமலிருக்க விளிம்பை மடித்துத் தைத்தாள்.

மறுநாள் காலை, பின்பக்கக் கொடியில் யாரோ மறந்துபோன சட்டை உறைந்து, கையை விரித்துக்கொண்டு ஆள்போல நின்றது. மூலை உடைந்த தன் கைபேசியில் எடுத்து அனுப்பினாள். கேமராக்காரர் 'காற்றின் உடல்' என்று பெயர் வைத்துப் போட்டார். கேமராவுக்கும் கைபேசிக்கும் வித்தியாசம் ஒருவருக்கும் தெரியவில்லை. தெரியாதது மட்டுமில்லை, முதல் முறையாக ஜனங்கள் முழு வாக்கியம் எழுதினார்கள். இரண்டாம் மாடி ஆசிரியை, 'பார்த்ததும் என் அப்பா ஞாபகம் வந்தது சார்' என்று எழுதினாள். தையல்காரம்மா அதை நான்கு முறை படித்தாள்.

அன்றோடு நிறுத்தவில்லை. அதற்கு அடுத்த நாளும் நிறுத்தவில்லை. ஒரு நாள், செயலாளர் வீட்டு வாசலிலிருந்து பின்முற்றத்துக் கொட்டகையின் பின்பக்கம்வரை பனியில் போன ஒற்றை ஆள் காலடித்தடத்தை எடுத்தாள். மனைவியிடம் சிகரெட்டை விட்டுவிட்டதாகச் சத்தியம் செய்திருக்கும் மனுஷன் தினமும் காலை அங்கே போய்ப் புகை விடுகிறார் என்பது அவளுக்குத் தெரியும். 'தனிமை! தனிமை! கண் கலங்குகிறது சார்' என்று எழுதினார் செயலாளர். தன் கால்தடத்துக்குத் தானே கண் கலங்கிய ஆளை நினைத்து, மெஷினில் துணி கோணிப்போகும்வரை அவள் சிரித்தாள்.

சிரிப்பு அடங்கியபின்தான் உறுத்தியது. பாராட்டு முழுக்க 'சார்'. தபால் கொடுக்க வந்தவர்கள், பொத்தான் தைக்க வந்தவர்கள் எல்லோரும் அவளிடமே வந்து, "மேல சார் இப்போ எடுக்கிற படம் பாத்தீங்களா? கை எப்படி மாறிடுச்சு!" என்றார்கள். "பாக்கலையே" என்று வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டு சொன்னாள். காப்பி கொடுக்கிற சாக்கில் ஒரு தரம் மேலே போனபோது கேமராக்காரர், "நேத்துப் படத்துல நான் வெளிச்சத்தைக் கொஞ்சம் வலதுபக்கம் விட்டிருக்கலாம்" என்றார். 'நான்.' மனைவி உள்ளேயிருந்து, "நீங்க காலைக் கொஞ்சம் வலதுபக்கம் வெச்சிருந்தா விழுந்தே இருக்க மாட்டீங்க" என்றாள்.

தொண்ணூற்றொன்பதாம் நாள் செயலாளர் படச் சட்டங்களுக்கு அளவு எடுக்க ஆள் வரவழைத்தார். பதினாறு படங்களை அறையின் நடுச்சுவரில், வெந்நீர்க் குழாய் ஓடும் சுவரில், பெரிதாக மாட்டப்போகிறார்களாம். அந்தப் பதினாறு எவை என்று கேட்கவேண்டியதில்லை. கதவுக்கு மேலே பலகை: 'கேமராக்காரரின் நூறு நாள்.'

அவள் கணவன் வேலை முடிந்து வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டே சொன்னான்: "நாளைக்கு நீ எடுக்காதே. படம் போகாது. ரூம் நமக்கு. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"அந்தப் பதினாறும்?"

"அது கிடக்கும் எங்கயாவது."

"எங்கயும் கிடக்காது. மாட்டமாட்டாங்க. யாரும் பாக்க மாட்டாங்க."

"உன் கை வீங்குதுன்னுதானே ரூம் கேட்டே?" என்று கேட்டுவிட்டு, அவன் பதிலுக்குக் காத்திராமல் சூடான அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டான்.

நூறாவது நாள் காலை அவள் வெளியே வந்ததற்குப் படம் எடுக்கும் எண்ணம் காரணமில்லை என்றுதான் தனக்குச் சொல்லிக்கொண்டாள். குப்பைப் பையைப் போட வந்தாள். போட்டாள். கோட்டுப் பைக்குள் கைபேசி துடித்தது; கேமராக்காரர். 'எடுத்தாச்சா?' ஏழு நாற்பத்தெட்டு. எட்டு வரைக்கும் சும்மா நின்றால் போதும், அறை அவளுடையது. குழாய் ஓடும் சுவருக்கு முதுகைக் கொடுத்து உட்காரலாம். இங்கேயே நிற்கவேண்டாம், மூக்கு விழுந்துவிடும் என்று கேட்டைத் தாண்டி எதிர்ச்சாரிக்கு நடந்தாள். அந்தப் பக்கத்தில் கொஞ்சம் வெயில் இருந்தது. அங்கே போய்த் திரும்பினாள்.

நேர் எதிரே தன் ஜன்னல். இத்தனை வருஷத்தில் அதை இந்தப் பக்கத்திலிருந்து நின்று பார்த்ததில்லை. விளக்கை அணைக்காமல் வந்திருக்கிறாள். மெஷின், காலி நாற்காலி, நாற்காலியின் முதுகில் அளவு நாடா. திரைச்சீலை ஒரு விரல் அகலம் விலகியிருந்தது. அவள் பிடித்துப் பிடித்து அந்த ஓரம் கறுத்துப் பளபளத்தது. கண்ணாடி முழுக்க வெள்ளையாக உறைந்திருந்தது. நடுவில் மட்டும், உட்கார்ந்த பெண்ணின் முகம் வருகிற உயரத்தில், உள்ளங்கையால் துடைத்துத் துடைத்து உண்டாக்கின ஒரு வட்டம். தட்டு அளவுக்கு, தெளிவாக.

பால்காரர், செயலாளர், ஆசிரியை, பலகை பிடிக்கும் அம்மாள். குளிர்காலம் முழுக்க இந்தக் கேட்டைத் தாண்டிய அத்தனை பேரும் இந்த வட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள்.

கைபேசியை எடுத்தாள். திரையில் ஜன்னல் வந்து உட்கார்ந்தது, கோணாமல், வட்டம் சரியாக நடுவில். நல்ல படம் என்று அவளுக்குத் தெரிந்தது. பதினாறிலும் இதற்கு ஈடு இல்லை. இதற்கும் அந்த ஆள்தான் பெயர் வைப்பார். மேலே மூன்றாம் மாடியில் ஒரு திரை அசைந்தது. கைபேசி மறுபடி துடித்தது: 'அம்மா, எட்டாகப் போகுது.'

தைத்து விளிம்பு கட்டிய கையுறையின் ஓட்டை வழியே விரல் வெளியே நீண்டு, பொத்தானுக்கு மேல் நின்றது. குளிரில் அதன் நுனி மரத்துப்போய், அது தன்னுடையதுதானா என்று அவளுக்கே தெரியவில்லை. எதிரே, துடைக்க ஆளில்லாத கண்ணாடியில், உறைபனி விளிம்பிலிருந்து உள்ளே ஊர்ந்து, அந்த வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டிருந்தது.