எல்லாக் கரிக்கும் எழுபத்தொன்று

"எழுபத்தொன்று!" என்று டாக்டர் கூவியதும் ஆய்வகமே கைதட்டியது.

டாக்டர் என்றால் ஊசி போடுகிறவர் அல்ல. உருக்காலையின் நிலக்கரி ஆய்வுப் பிரிவுக்கு இயக்குநர். கரியைக் காற்றுப் படாமல் சுட்டெடுத்தால் கோக். அது கட்டி கட்டியாக நின்றால்தான் இரும்பு உருக்கும் உலையில் காற்று மேலே ஏறும். நொறுங்கினால் உலைக்கு மூச்சு முட்டும். முட்டிய உலை எப்போது, யார் மேல் கக்கும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் பரிசோதனை. அறுபது மதிப்பெண்ணுக்குக் குறைந்த கோக் உள்ளே போகக் கூடாது.

டாக்டர் செலவைக் குறைக்க, நல்ல கரியோடு மட்டமான கரியை நூற்றுக்குப் பத்துப் பங்கு கலந்தார். எழுபத்தொன்று. இருபது கலந்தார். எழுபத்தொன்று. நாற்பதுக்கும் அதேதான். சந்தேகப்பட வேண்டிய இடத்தில் பாராட்டு விழா வைத்தார்கள். இன்று நான்கு மணிக்குச் சேர்மன் வருகிறார்.

ஒருத்திக்கு மட்டும் உறுத்தியது. பரிசோதனை செய்பவள். யாருக்கும் சொல்லாமல் மட்டமான கரியை மட்டுமே சுட்டுச் சோதித்தாள். எழுபத்தொன்று!

மதியம் அவள் கணவன் வந்தான். உலையின் ஷிப்ட் பொறுப்பாளன்.

"வீட்டுச் சாவிய விட்டுட்டு வந்துட்டே. தலையாவது எடுத்துட்டு வந்தியா?"

"உங்க கிண்டலை உலையோட வச்சுக்குங்க."

மூலையில் வாளி நிறையக் கறுப்பு நொறுங்கல். "இது என்ன?"

"கழிவு. கோக்கைத் தட்டி, கோலிக்குண்டு அளவுக்கு உருட்டணும். உருட்டும்போது உடையறது வாளிக்கு. முழுசா நிக்கறது மட்டும்தான் பரிசோதனைக்கு. டாக்டர் எழுதின முறை, பக்கம் பன்னெண்டு."

அவன் சிரித்தான். பாதியில் சிரிப்பு நின்றது.

"அதாவது, ஃபெயிலாகறவனை வெளிய அனுப்பிட்டுப் பரீட்சை வைக்கறீங்க?"

அவள் வாளியை இழுத்துத் தராசில் வைத்தாள். பத்துக் கிலோ கோக்கில் ஒன்பது கிலோ வாளியில்!

"ரெண்டு மணிக்கு இந்தக் கலவையில சுட்ட கோக் பத்து லாரி வருது. உலைக்குக் கீழே பதினெட்டுப் பேர் நிக்கறாங்க. நீ அறிக்கையில கையெழுத்துப் போட்டுட்டியா?"

"இன்னும் இல்லைங்க."

டாக்டர் அறையில் அறிக்கை தயாராக இருந்தது. விஷயத்தைச் சொன்னாள்.

"உடைஞ்சதை எப்படிம்மா சோதிக்க முடியும்? தரமான மாதிரிதான் தரமான முடிவு குடுக்கும்." பேனாவை நீட்டினார். "நீ இன்னும் தற்காலிகம்தான், இல்லையா?"

அவள் பேனாவை வாங்கினாள். மூடியைப் போட்டாள். மேஜையில் வைத்தாள்.

"போட மாட்டேன் சார்."

"போடலைன்னா? உலகம் நின்னுடுமா?" அவள் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் அவரே சரக்கென்று கிறுக்கினார். "நாளைலேர்ந்து வர வேண்டாம்."

அவள் வெளியே வந்து கணவனுக்குப் போன் போட்டாள். அவன் 'ம்' கொட்டிக் கேட்டு முடிப்பதற்குள் டாக்டரும் அவனை அழைத்தார்.

"லாரி வருது. அறிக்கை ரெடி. ஏத்துங்க."

"ஏத்தறேன் சார். உங்க முறைப்படியே ஏத்தறேன். பக்கம் பன்னெண்டு."

புகழ்ச்சி என்று நினைத்துக்கொண்டார் டாக்டர்.

பத்து லாரி கோக்கையும் உயரத்திலிருந்து இரும்புச் சல்லடையில் கொட்டச் சொன்னான் அவன். முழுசாக நின்றது ஒரு லாரி. அதை மட்டும் உலைக்குள் அனுப்பினான். உலை அமைதியாக மூச்சு விட்டது.

"அண்ணே, மிச்சம் ஒன்பது லாரிய எங்க கொட்டறது?" என்றார் ஓட்டுநர்.

"ஆராய்ச்சி பண்ணவங்க சொத்துப்பா. அவங்க வாசல்ல கொட்டு."

நான்கு மணிக்குச் சேர்மனின் கார் தூரத்திலேயே நின்றுவிட்டது. ஆய்வுப் பிரிவின் வாசலில் கரிய மலை. டாக்டரின் காருக்குக் கூரை மட்டும் தெரிந்தது. சேர்மன் ஒரு கட்டியை எடுத்தார். விரலிடுக்கில் பொடியாகி அவர் சட்டையில் வழிந்தது.

"இதுக்கா எழுபத்தொன்று? அறிக்கையில யார் கையெழுத்து?"

"பரிசோதனை பண்ணது இந்தப் பொண்ணு சார்!" பையோடு ஓரமாக நின்றவள் பக்கம் டாக்டரின் விரல் நொடியில் நீண்டது. "பேர் அடிச்சே இருக்கு, பாருங்க."

சேர்மன் அறிக்கையை வாங்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பெயர் அவளுடையதுதான். மேலே இருந்த கையெழுத்துக்கு முன்னால் 'டாக்டர்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. பட்டத்தைச் சேர்க்காமல் கையெழுத்துப் போட்டு டாக்டருக்குப் பழக்கமில்லை.

"நீங்க நாளைக்கு வந்து முதல்லேர்ந்து சோதிங்கம்மா," என்றார் சேர்மன். பிறகு டாக்டர் பக்கம் திரும்பினார்.

"நீங்க மண்வெட்டிய எடுங்க."