கன்னிமார் மேடு

மேட்டுப்பாளையத்துக்குக் கீழே, பவானி ஆற்றின் நடுவில் இருந்தது அந்தத் திட்டு. மேற்கு முனை வழுக்குப் பாறை, கிழக்கு வால் வெறும் மணல், இடையில் இடுப்புயரப் புல். நடுவே ஒரு மேடு. அதன்மேல் மருதமரமும் ஏழு கன்னிமார் கற்களும். எந்த வெள்ளத்திலும் அந்த மேடு மட்டும் முங்கியதில்லை. தோட்டத்துக்காரர் குடும்பம் ஏறலாம்; கூலிக்காரர்கள் யாரும் அந்த மேட்டில் கால் வைக்கக்கூடாது. வைத்தால் சாமி குத்தமாம். நல்ல சாமி!

தொண்ணூற்றேழாம் வருஷம் ஆடியில் ஒரு பகல். ஆறு வயது மகள் இனியாவை அருகில் உட்கார வைத்துவிட்டுக் கூலிக்காரி மாசாணியம்மாள் திட்டில் புல் அறுத்துக்கொண்டிருந்தாள். தோட்டத்துக்காரர் அப்புசாமி மேட்டில் கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தார். செருப்பை வழக்கம்போலக் கீழே மணலில் கழற்றி விட்டிருந்தார். தற்செயலாக நிமிர்ந்தவள் கத்தினாள்.

"ஏனுங்க, உங்க செருப்பு தண்ணியில போகுதுங்க!"

அக்கரைக்குப் போகும் நடைகற்கள் ஒன்றையும் காணோம். மலையில் பெய்த மழை செம்மண் நிறத்தில் வந்துகொண்டிருந்தது. மணல் வால் போயிற்று. பாறையும் போயிற்று. அறுத்த புல்கட்டு உருண்டு போனது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேட்டடிக்கு ஓடியவள் அங்கேயே நின்றுவிட்டாள். உயிர் போகிற நேரத்திலும் கால் நின்றது பாருங்கள், அத்தனை வருஷப் பழக்கம்!

"அங்கயே வேரப் புடிச்சு நில்லு மாசாணி. தண்ணி வடிஞ்சுபோகும்," என்றார் அப்புசாமி மேலிருந்து.

முழங்கால், தொடை, இடுப்பு என்று தண்ணீர் ஏறியது. பிள்ளையைத் தோளுக்கு ஏற்றினாள். மிதந்து வந்த கட்டை ஒன்று விலாவில் இடிக்க, அவள் தடுமாறினாள். இனியா வழுக்கி நெஞ்சு வரை நனைந்து அலறினாள். அந்த அலறலில் மாசாணியம்மாளுக்குப் பயம் போய் ஆத்திரம் வந்தது.

"கன்னிமாரே, கொஞ்சம் நகந்து உக்காருங்க. எம்புள்ளைக்கு எடம் வேணும்!"

ஏறிவிட்டாள். அப்புசாமி தடுக்கவில்லை, கையும் கொடுக்கவில்லை. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

சாயங்காலம் வெள்ளம் தணிந்து பரிசல் வந்தது. ஏறுமுன் அப்புசாமி கிட்டே வந்தார்.

"நீ மேல ஏறுனத யாருகிட்டயும் சொல்லிப்போடாத, அம்மணி."

இத்தனை வருஷத்தில் அவர் அவளை மரியாதையாக அம்மணி என்று கூப்பிட்டதே இல்லை.

அக்கரையில் ஊரே திரண்டு நின்றது. மாசாணியம்மாள் முந்தானையால் மகளின் தலையைத் துவட்டினாள்.

"நானெதுக்குங்க சொல்றேன்? புள்ள உசுரோட வர்றதப் பாத்தா அவிங்களுக்கே தெரியுமுங்க."